திராமிசு: பாதுவா வீட்டுச் சமையலறைக் குறிப்புகள்

மார்ச் 14, 2025, வெள்ளி

ஞாயிறு மதியம் விருந்தாளிகள் வருகிறார்கள். காப்பியில் தொட்ட பிஸ்கட்டையும் க்ரீமையும் அடுக்கிச் செய்யும் இத்தாலிய இனிப்பான திராமிசு செய்யப்போகிறேன். மஸ்கார்போனே என்ற மிருதுவான க்ரீம் சீஸ் அரை கிலோ, சவோயார்தி என்ற விரல் வடிவ பிஸ்கட், கோகோ வாங்கியாயிற்று. முட்டைக்குத்தான் நேரம் பிடித்தது. திராமிசுவில் மஞ்சள் கரு பச்சையாகவே சேருவதால் ‘எக்ஸ்ட்ரா ஃப்ரெஷ்’ பெட்டிதான் வேண்டும். கோழி முட்டையிட்ட தேதி அதில் அச்சாகியிருக்கும், ஒன்பது நாளுக்கு மேல் அந்தப் பெயரில் விற்கக்கூடாது.

மார்ச் 15, சனி

பாதுவாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் திரெவீசோ நகரம். அங்கே ‘லே பெக்கெரியே’ உணவகத்தில் 1970களின் தொடக்கத்தில் பிறந்த இனிப்பு என்பார்கள். 2010இல் நோட்டரி முன் பதிவான அந்தச் செய்முறை இவ்வளவுதான்: மஞ்சள் கரு 12, சர்க்கரை அரை கிலோ, மஸ்கார்போனே ஒரு கிலோ, பிஸ்கட் 60, காப்பி, கோகோ. மது கிடையாது, வெள்ளைக் கருவும் கிடையாது. மாடி வீட்டு அம்மையார் பக்கத்து மாகாணமான ஃப்ரியூலிக்காரர். அவர் முன்னால் திரெவீசோ என்று வாயெடுக்க முடியாது. எங்கள் ஃப்ரியூலியின் தொல்மேட்சோ ஊரில் அதற்கு முன்பே செய்தோம் என்பார். 2017இல் இத்தாலிய வேளாண் அமைச்சகத்தின் பாரம்பரிய உணவுப் பட்டியலில் ஃப்ரியூலியின் பெயரில் அது ஏறியதிலிருந்து அவர் குரல் இன்னும் ஓங்கிவிட்டது. எனக்கு எந்த ஊரானாலும் சரி.

எல்லாவற்றிலும் பாதி எடுத்தேன், சர்க்கரை மட்டும் 150 கிராம். அரை கிலோ கணக்கு என் நாக்குக்குத் திகட்டும். ஆறு மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் வெளிறும்வரை அடித்தேன். கரண்டியைத் தூக்கினால் நாடாபோல் வழிந்து, மேலே ஒரு கணம் மடிப்பாக நின்று பிறகு கரைய வேண்டும். அதற்கு முன் நிறுத்தினால் சர்க்கரை நறநறக்கும். மஸ்கார்போனேயைக் கையால்தான் கலந்தேன். இயந்திரத்தில் போட்டு ஓட்டினால் கொழுப்பு பிரிந்து திரிதிரியாகிவிடும். கெட்டிப்படுத்த விப்பிங் க்ரீம் ஊற்றுகிறவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

அடுப்பில் வைக்கும் மோக்கா பானையில் இறக்கிய காப்பி, சர்க்கரையில்லாமல், நன்றாக ஆறியது. சூடாக இருந்தால் பிஸ்கட் கூழாகும். ஒரு பக்கம் தொட்டு, புரட்டி, உடனே எடுக்க வேண்டும். உடைத்துப் பார்த்தால் நடுவில் வெள்ளைக் கோடு ஒன்று உலர்ந்தே தெரிய வேண்டும். மீதியை இரவில் க்ரீமின் ஈரம் பார்த்துக்கொள்ளும். பிஸ்கட் பதினைந்து, க்ரீம், மறுபடி பதினைந்து, க்ரீம். உணவகத்தில் வட்டமாகச் செய்வார்களாம். என்னிடம் இருப்பது நீள்சதுரக் கண்ணாடித் தட்டு.

மார்ச் 16, ஞாயிறு

கோகோவைப் பரிமாறும் நேரத்தில்தான் சலித்தேன். முன்னதாகத் தூவினால் ஈரம் ஏறிக் கறுத்துவிடும். துண்டுகள் சரியாமல் நின்றன. அம்மையார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “மார்சாலா ஒயின் ஒரு மூடி ஊற்றியிருக்கலாம்” என்றார். மேசையில் குழந்தைகள் இருந்தார்கள், ஊற்றவில்லை. அவர் இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மிஞ்சிய ஆறு வெள்ளைக் கருக்களை உறைய வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அவற்றைச் சர்க்கரையோடு அடித்துச் சுடும் மெரெங்கே.