அப்பாவின் பணிக்கொடையில் பிடித்த பணம் திரும்பி வந்தது

அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் அலுவலக உதவியாளர். ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓர் ஆணையைக் கையில் கொடுத்தார்கள். பன்னிரண்டு வருடம் முன்பு தேர்வு நிலை (ஒரே பதவியில் நீண்ட காலம் இருந்ததற்குத் தரும் உயர் ஊதிய நிலை) கொடுத்தபோது, ஊதிய நிர்ணயத்தில் ஓர் ஊதிய உயர்வைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டார்களாம். தணிக்கையில் கண்டுபிடித்தார்களாம். அதுவரை கூடுதலாக வாங்கிய 1,86,000 ரூபாயைப் பணிக்கொடையில் (ஓய்வின்போது மொத்தமாகத் தரும் தொகை) பிடிக்கப்போவதாக எழுதியிருந்தது. அதற்கு முன் விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ்கூட வரவில்லை.

பணத்தைவிட, "அரசாங்கக் காசைத் தின்னுட்டேன்னு எழுதிட்டாங்கடா" என்பதுதான் அப்பாவை வதைத்தது. சம்பள பில் போட்டவர் அவரில்லை, எஸ்.ஆர். என்கிற பணிப்பதிவேட்டில் பதிந்தவரும் அவரில்லை. பதிவுத் தபாலில் ஆட்சேபணை அனுப்பினோம். பதில் இல்லை. பணத்தைப் பிடித்துவிட்டார்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் எஸ்.ஆர். நகலை வாங்கிக்கொண்டு, உயர் நீதிமன்றக் கிளை இருக்கும் மதுரைக்குப் போனோம். வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, நீங்க ஏதாவது பொய்த் தகவல் கொடுத்து அந்த உயர்வை வாங்கினீங்களா?" இல்லை என்றதும், உச்ச நீதிமன்றத்தின் ரஃபீக் மாசி தீர்ப்பை எடுத்து வைத்தார். 2014 டிசம்பர் 18 அன்று வந்தது. பஞ்சாப் அரசு தொடுத்த மேல்முறையீடு அது. வழக்கின் பெயரிலேயே 'வெள்ளையடிப்பவர்' என்று அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. எந்தெந்த நிலையில் கூடுதல் ஊதியத்தைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று ஐந்தைச் சொல்கிறது. சி, டி பிரிவு ஊழியர்களிடம், அதாவது அப்பாவைப் போன்ற கீழ்நிலைப் பணியாளர்களிடம் கூடாது. ஓய்வு பெற்றவரிடமும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவரிடமும் கூடாது. ஐந்து வருடத்துக்கு மேல் கொடுத்து வந்ததைப் பிடிக்கக் கூடாது. இந்த மூன்றும் அப்பாவுக்கு அப்படியே பொருந்தின. தவறாக உயர் பதவி வேலையைச் செய்ய வைத்துக் கொடுத்த ஊதியமும், பிடித்தம் அநியாயமாக முடியும் மற்ற நேர்வுகளும் மீதி இரண்டு.

அந்த ஆணையை எதிர்த்து, அரசமைப்பின் 226ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டோம். சிறு குறைகளுக்காக ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டு, பிறகுதான் வழக்கு எண் கிடைத்தது. அரசுத் தரப்பு எதிர்மனு போட ஏழு மாதம் எடுத்துக்கொண்டது.

சிக்கல் அந்த எதிர்மனுவில்தான் இருந்தது. ஊதியத் திருத்தத்தின்போது, கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று அப்பா உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எல்லாரும் போட்டதுதான். உறுதிமொழி கொடுத்தவரிடம் பிடிக்கலாம் என்று 2016இல் ஜக்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அரசு வழக்கறிஞர் காட்டினார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. எங்கள் வழக்கறிஞர் பதறவில்லை. அது ஒரு நீதித்துறை அதிகாரியின் வழக்கு. அதில் விலக்கு சொன்னது ஓய்வு பெற்றவர்களைப் பற்றிய இரண்டாவது நிலைக்கு. கடைநிலை ஊழியருக்கான முதல் நிலையைத் தொடவில்லை என்றார். இந்த வித்தியாசம்தான் எங்களைக் காப்பாற்றியது. இதே நிலையில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிடித்த ஆணை ரத்தானது. எட்டு வாரத்தில் பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவு. மனுதாரர் பக்கம் எந்தத் தவறான தகவலும் இல்லை என்ற வரியை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஊதியத்தைச் சரிசெய்தது செல்லும் என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. ஓய்வூதியம் குறைந்த ஊதியத்தின் அடிப்படையில்தான் வருகிறது. அது எனக்கும் சரியாகத்தான் படுகிறது. இந்த வகை வழக்குகளில் நீதிமன்றம் தலையிடுவது கூடுதல் தொகை ஊழியரின் உரிமை என்பதால் அல்ல, பிடித்தம் தரும் துன்பத்தைக் கருதித்தான்.

எட்டு வாரம் தாண்டியும் பணம் வரவில்லை. நீதிமன்ற அவமதிப்பு மனுவுக்கு ஓராண்டுதான் கெடு என்பதால் காத்திருக்காமல் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினோம். பதினெட்டாம் நாள் அப்பாவின் கணக்கில் பணம் ஏறியது.