ஒரு கெட்லண்ட் பிஸ்டலும் ஆறு வார அலைச்சலும்

ஏலத்தில் எடுத்த பிஸ்டலுக்குக் கொடுத்த பணம் கடந்த வெள்ளிக்கிழமைதான் திரும்பி வந்தது. பழைய இங்கிலாந்து பிளின்ட்லாக் (தீக்கல் உரசும் பொறியால் சுடும் துப்பாக்கி) வாங்க நினைப்பவர்கள் நான் பட்ட பாட்டைப் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நான் இருப்பது பர்மிங்காமில். இந்த ஊரில் செய்த பிஸ்டல் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. ஏலப் பட்டியலில், இந்த ஊர்த் துப்பாக்கித் தயாரிப்பாளர்களான கெட்லண்ட் பெயர் பொறித்த ஒன்று வந்தது. குழலில் கிரீடமும் குறுக்குச் செங்கோல்களும் கொண்ட சோதனை முத்திரை, அதாவது குழல் வெடிக்காமல் தாங்குகிறதா என்று சுட்டுப் பார்த்ததற்கான அடையாளம். 1813-இல் இங்கே சோதனைச் சாலை வந்த பிறகு முத்திரையில் சேர்ந்த எழுத்துகள் அதில் இல்லை. அதற்கு முந்தையது என்று மனசு துள்ளியது. குழல் மேல் 'லண்டன்' என்றிருந்தது உறுத்தவில்லை. விற்பனைக்காக பர்மிங்காம்காரர்கள் அப்படிப் பொறித்தது உண்டு.

உரிமம் தேவைப்படவில்லை. 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 58(2) பிரிவுப்படி அலங்காரப் பொருளாக வைத்திருக்கலாம். சுட வேண்டுமென்றால் மட்டும் சான்றிதழ் வேண்டும்.

900 பவுண்டுக்கு ஏலம் முடிந்தது. கமிஷன் 25 சதவீதம், அந்தக் கமிஷன் மேல் வரி 20 சதவீதம். ஆக 1,170. இதைக் கூட்டிப் பார்த்துவிட்டு விலை கேளுங்கள்.

எடுத்து வர இரண்டரை மணி நேரம் கார் ஓட்டிப் போனேன். கவுண்டரில் இருந்தவர், "பணம் இன்னும் ஏறவில்லை" என்றார். வங்கி ரசீதை நீட்டினேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கணக்குப் பிரிவில் கேட்டுச் சொல்லுங்கள் என்றால், இன்று யாரும் இல்லையாம். வெறுங்கையோடு திரும்பினேன். 'வந்து எடுத்துக்கொள்ளலாம்' என்று மின்னஞ்சல் வராமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

அடுத்த வாரம் கைக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மரக்குச்சி ஒன்றைக் குழலுக்குள் விட்டு, வாய் வரும் இடத்தில் கோடு போட்டு, வெளியே வைத்து அளந்தேன். குச்சியின் நுனி தீத்துளை வரை, அதாவது குழலின் அடியில் உள்ள மருந்துக்குத் தீ போகும் சிறு துளை வரை, எட்ட வேண்டும். எட்டாவிட்டால் உள்ளே பழைய மருந்தும் குண்டும் கிடக்கலாம். எத்தனை கை மாறி வந்திருந்தாலும் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

அப்புறம் பக்க ஆணிகளைக் கழற்றி லாக்கை (சுடும் இயக்கப் பகுதியை) வெளியே எடுத்தேன். வயிறு கலங்கிவிட்டது. மருந்துக் கிண்ணத்தைச் சுற்றி ஒட்டவைத்த கோடு. ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் அடைத்த பழைய ஆணித் துளைகள். தீத்துளையைச் சுற்றித் தடித்த புது வளையம். எப்போதோ தீக்கல்லுக்குப் பதில் கேப் (தட்டினால் வெடிக்கும் சிறு உலோக மூடி) போட்டுச் சுடும்படி மாற்றி, பிறகு யாரோ மறுபடி பிளின்ட்லாக் ஆக்கியிருக்கிறார்கள். குதிரையும் (தீக்கல்லைப் பிடித்து அடிக்கும் சுத்தியல்) புதிதுதான், லாக் தகடு முழுக்கத் துரு அரித்திருக்க, அதில் ஒரு புள்ளிகூட இல்லை. படத்திலேயே அது தெரிந்தது, நான்தான் ஆசையில் கவனிக்கவில்லை.

அப்படி மாற்றியதை வாங்குவது தப்பில்லை. ஆனால் அதைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்க வேண்டும்.

முதல் புகாருக்கு, 'உள்ளது உள்ளபடி' விற்கிறோம் என்ற விதியைக் காட்டினார்கள். இரண்டாவதற்குப் பதிலே இல்லை. என்னைக் காப்பாற்றியது ஏலத்துக்கு முன் நான் அனுப்பிய ஒரே ஒரு கேள்வி: லாக் ஆரம்பத்திலிருந்தே பிளின்ட்லாக்தானா? 'ஆம், மாற்றம் எதுவும் இல்லை' என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அதையும், லாக்கின் உட்பக்கப் படங்களையும், அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவர் எழுதித் தந்த கருத்தையும் சேர்த்து மூன்றாவது கடிதம் அனுப்பினேன். கமிஷனோடு முழுப் பணமும் வந்தது. பெட்ரோல் செலவு போனது போனதுதான். போனில் கேட்டிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது.

இப்போது வேறொரு இடத்தில் ஒரு ஜோடி வந்திருக்கிறது. லாக்கைக் கழற்றிப் படம் அனுப்பச் சொல்லி நான்கு நாள் ஆகிறது. வியாழன் ஏலம். அதற்குள் படம் வராவிட்டால் நான் விலை கேட்கப் போவதில்லை.