பளபளப்புக்கு முன்னால்

செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலும் ஒரே கோரிக்கைதான்: "படத்தைப் பளபளன்னு ஆக்கிக் கொடுங்க தம்பி." பர்மா தேக்கு நிலையும் ஆத்தங்குடித் தரையும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரும் மின்னுகிற இடத்தில், சாமி படம் மட்டும் மங்கி நின்றால் உறுத்தத்தான் செய்யும். ஆனால் படத்துக்குப் பூசும் வார்னிஷ் முதலில் காப்பு, பிறகுதான் மினுப்பு. புகையும் தூசியும் அதன் மேலேயே தங்கிவிட வேண்டும். பிற்காலத்தில் ஒருவர் நிறத்தைத் தொடாமல் அதை மட்டும் கரைத்தெடுக்க முடிய வேண்டும்.

கதவுக்கு அடித்து மிஞ்சிய வார்னிஷைப் படத்திலும் ஓர் இழுப்பு இழுத்துவிடுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மர வார்னிஷில் பெரும்பாலும் எண்ணெய் உண்டு. அது இறுகிய பிறகு கரைக்கப் போனால் அடியிலுள்ள நிறமும் சேர்ந்து வரும். நாளாக ஆக மஞ்சளும் அடிக்கும். ஒரு வீட்டு முகப்பில் கிருஷ்ணர் பச்சையாக நின்றார். நீலத்தின் மேல் மஞ்சள் ஏறிய கோலம். "எங்க அப்பச்சி காலத்துலேருந்து இதே பச்சைதான்" என்று ஆச்சி சாதித்தார்கள். குங்கிலியத்தை டர்பன்டைனில் கரைத்துப் பூசும் டமார் வார்னிஷும் மஞ்சளாகும்தான், ஆனால் கழற்றலாம். இப்போது கிடைக்கும் அக்ரிலிக் வகைகள் அவ்வளவு மஞ்சளிப்பதில்லை.

புது எண்ணெய் வண்ணப் படம் என்றால் 6 மாதம் முதல் ஒரு வருஷம் வரை காய வேண்டும். சாந்திக் கல்யாணத்துக்குள், அதாவது அறுபதாம் கல்யாணத்துக்குள், முடித்துத் தரச் சொல்வார்கள். அப்படியே மாட்டுங்கள், பிறகு வந்து பூசுகிறேன் என்பேன். விசேஷம் முடிந்தபின் பாதிப்பேர் கூப்பிடுவதில்லை, அது வேறு கதை.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூசினால் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும். மாசி, பங்குனி எனக்குத் தோது. வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், வெளிச்சம் அருமையாக இருக்கும், தூசியும் அங்கேதான் வரும், அதனால் உள்ளறை. படத்தைப் படுக்கப் போட்டு, பட்டை பிரஷால் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மெல்லிய கோட். இழுத்த இடத்துக்குத் திரும்பக் கூடாது. விட்டுப்போன இடம் சாய்வாக டார்ச் அடித்தால் தெரிந்துவிடும்.

சுண்ணாம்புச் சுவரில் நேராக எழுதிய ஓவியம் என்றால் வார்னிஷே வேண்டாம் என்றுவிடுவேன். சுவருக்குள் ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்போடு சேர்ந்து நிறத்தைப் பெயர்த்துத் தள்ளும். முதலில் கொத்தனாரைக் கூப்பிட்டு ஓட்டு ஒழுகலை அடைக்கச் சொல்வேன். அன்றைக்கு என் கூலி காப்பியோடு சரி.