செவலையின் இடது கால்: 11ஆவது வாரம்

நேற்று மாலை வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்த எங்கள் சேவல் செவலையின் இடது காலிலிருந்து கடைசிப் பொருக்கு, நான் தொடாமலேயே கழன்று தண்ணீரின்மேல் மிதந்து வந்தது. உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேற்புறம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. உட்புறம் தேனடை போலத் துளைதுளையாக இருந்தது. கோழியின் கால் செதில்களுக்கு அடியில் துளைத்து வாழும், கண்ணுக்குத் தெரியாத செதில்கால் பூச்சிகள் அந்தத் துளைகளில்தான் குடியிருந்தன. 11 வாரங்களாகச் செய்த வேலைக்கு இப்படி ஒரு பலன் கிடைத்த மகிழ்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

செவலை எங்கள் வீட்டில் பிறந்த சேவல் அன்று. காரைக்குடி அருகே கண்டனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில், கல்யாணத்துக்கும் முன்னோர்க்குச் செய்யும் படைப்புக்கும் மட்டும் திறக்கப்படும் பெரிய வீடு ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது பெட்டைகளை விற்றுவிட்டார். கால் விகாரமாக இருந்த சேவலை மட்டும் யாரும் வாங்காததால், பின்கட்டுக் கிணற்றடித் தூணில் நைலான் கயிற்றால் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். யாரோ மதிலுக்கு மேலிருந்து சோறு போட்டு வந்திருக்கிறார்கள். அடுத்த வீட்டு ஆச்சிதான், "தம்பி, நாலு நாளா அந்தச் சேவச் சத்தமே கேக்கல, ஒரு எட்டுப் போய்ப் பாருப்பா" என்றார். வீட்டுக்காரர்களைத் தொலைபேசியில் அழைத்து ஒப்புதல் பெற்று, அன்றே தூக்கி வந்துவிட்டேன்.

தராசில் 1.35 கிலோதான் காட்டியது. அந்த உயரமுள்ள நாட்டுச்சேவல் 2 கிலோவுக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். நெஞ்செலும்பு கத்தி முனைபோல் துருத்திக்கொண்டிருந்தது, கொண்டை வெளிறியிருந்தது, பின்புறத்து இறகுகளின் அடியில் பேன் முட்டைகள் கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்தன. இரண்டு கால்களிலும் செதில்கள் தூக்கி நின்றன என்றாலும், இடது காலில்தான் நிலைமை மிக மோசம். கணைக்காலைச் சுற்றி நூலை வைத்து அளந்தபோது 7 சென்டிமீட்டருக்கும் மேல் இருந்தது. விரல்கள் மடங்கவே இல்லை.

பழைய மாட்டுக்கொட்டிலில் 30 நாட்கள் தனியாக வைத்தேன். முதலில் எங்கள் கோழிகளுக்குத் தீனி வைத்து, கடைசியாக அவனிடம் போய்விட்டு, கைகால் கழுவிய பிறகே திரும்பி வருவது என்ற ஒழுங்கை ஒரு நாளும் தவறவிடவில்லை. முதல் வாரம் அவன் கால்களை நான் தொடவே இல்லை. மெலிந்து பயந்திருக்கும் பறவையைப் பிடித்துப் பிடித்து மருந்து போட்டால் இருக்கிற உயிரும் சோர்ந்துவிடும் என்பது என் எண்ணம். வேகவைத்த கம்பு, முருங்கைக்கீரை, கரையான் ஆகிய மூன்றும்தான் அவனை எழுப்பி நிற்க வைத்தன. எங்கள் செம்மண்ணில் கரையானுக்குப் பஞ்சமில்லை. சாணமும் வைக்கோலும் கிழிந்த சாக்கும் நனைத்துத் திணித்த பானையை மாலையில் புற்றருகே கவிழ்த்து வைத்தால், விடிவதற்குள் நிறைந்துவிடுகிறது. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியையும் எடை கூடிய பிறகே போட்டோம். நோயுற்று நலிந்திருக்கும் கோழிக்குத் தடுப்பூசி போடக்கூடாது.

இனி ஊறவைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணெய் தடவுவதுதான் மருத்துவம், ஊறவைப்பது அதற்கு முன்னேற்பாடு என்று நானும் நினைத்திருந்தேன். இப்போது, ஊறவைப்பதுதான் முக்கால் பங்கு வேலை என்று உறுதியாகச் சொல்வேன். பொருக்கு காய்ந்திருக்கும்வரை எந்த எண்ணெயும் மேலே வழிந்துபோகுமே தவிர, உள்ளே இறங்காது.

முதலில் அகன்ற பேசினில் நிறுத்தினேன். விரல்கள் மட்டுமே நனைந்தன, ஓர் உதையில் தண்ணீர் முழுவதும் என் மடியில் கொட்டியது. அடுத்து எவர்சில்வர் தூக்குச்சட்டி. ஆழம் போதும், ஆனால் வாய் குறுகலாக இருந்ததால் விரல்கள் விளிம்பில் மாட்டிக்கொண்டன. கடைசியில், நல்லெண்ணெய் வாங்கிய 5 லிட்டர் கேனின் கழுத்தை அறுத்தெடுத்து, அறுத்த விளிம்பில் பழைய சைக்கிள் டியூபைப் பிளந்து மாட்டினேன். இரண்டு கால்களும் முழங்கால் மூட்டுவரை நிமிர்ந்தபடியே மூழ்குகின்றன, வயிற்று இறகுகள் நனைவதில்லை. இதைவிடப் பொருத்தமான பாத்திரம் எனக்குக் கிடைக்கவில்லை. சேவலைத் துண்டில் இறக்கைகளோடு சேர்த்துச் சுற்றி, துண்டின் முனையைத் தலைமேல் போட்டுவிட்டால் அடங்கிவிடுகிறான். தண்ணீர் மணிக்கட்டின் உட்புறத்தில் ஊற்றினால் இதமாக இருக்க வேண்டும். ஆற ஆற வெந்நீரைக் கேனின் ஓரமாக விட்டு, 15 நிமிடம் குறையாமல் வைத்திருக்க வேண்டும்.

பிறகு, குழந்தைகள் பல்துலக்கும் மெல்லிய பிரஷ்ஷால், சிறிது சோப்பு சேர்த்து, மேலிருந்து கீழாக மட்டும் தேய்க்க வேண்டும். கால் செதில்கள் எங்கள் பக்கத்து நாட்டு ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று கீழ்நோக்கிப் படிந்திருக்கின்றன. எதிர்த்துத் தேய்த்தால் நல்ல செதிலும் பெயர்ந்துவிடும். எண்ணெய்க்கு மட்டும் திசை மாற வேண்டும். ஈரத்தை ஒற்றி எடுத்த பின், விரல் நுனியால் கீழிருந்து மேலாகத் தள்ளித் தடவினால்தான் ஒவ்வொரு செதிலின் விளிம்புக்கு அடியிலும் எண்ணெய் புகுந்து பூச்சிகளை மூச்சடைக்கச் செய்யும். தேய்ப்பது கீழ்நோக்கி, தடவுவது மேல்நோக்கி என்ற இந்த ஒன்றைக் கண்டுகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

மூன்றாவது வாரம் பொறுமையிழந்து, பாதி கழன்றிருந்த ஒரு பொருக்கை நகத்தால் நெம்பிவிட்டேன். அடியில் பச்சைப் புண். இரத்தம் கசிந்தது, ஈ மொய்த்தது. ஐந்து நாட்கள் அவன் அந்தக் காலை ஊன்றவே இல்லை. என்னைக் கண்டாலே மூலையில் ஒடுங்கினான். அதற்குப் பிறகு எதையும் நான் பிய்க்கவில்லை.

மண்ணெண்ணெயில் காலை முக்கி எடுக்கச் சொன்னவர்கள் பலர். பூச்சி சாகலாம், ஆனால் ஏற்கெனவே வெடித்திருக்கும் தோல் வெந்துபோகும் என்பதை அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நான் பயன்படுத்தியது ஒரு பங்கு வேப்பெண்ணெயும் மூன்று பங்கு தேங்காய் எண்ணெயும்தான். வேப்பெண்ணெயில் மட்டும் ஏமாந்தேன். முதலில் ஒரு கடையில் வாங்கிய புட்டியில் மணமும் இல்லை, கசப்பும் இல்லை. இரண்டு வாரம் அதனால் வீணாயிற்று. செக்கில் ஆட்டியதைத் தேடி வாங்கிய பின்புதான் மாற்றம் தெரிந்தது. கால்நடை மருத்துவர் எடையைப் பார்த்து ஐவர்மெக்டின் என்ற பூச்சிக்கொல்லி மருந்தின் துளிகளைப் பிடரித் தோலில் விட்டார். முட்டையிலிருந்து புதிதாகப் பொரித்து வரும் பூச்சிகளுக்காக 14 நாட்கள் கழித்து மறுபடியும் விட்டார். இவன் முட்டையிடாத சேவல் என்பதால் கவலையில்லை. பெட்டைகளுக்குப் போட்டால், மருத்துவர் சொல்லும் காலம்வரை முட்டையைச் சாப்பிடக்கூடாது. எங்கள் பெட்டைகள் ஒன்பதையும் தூக்கிப் பார்த்ததில் இரண்டின் விரல்களில் செதில் லேசாகத் தூக்கியிருந்தது. அவற்றுக்கு எண்ணெயே போதுமாயிற்று. அவை அடையும் மூங்கில் கம்புகளை எரித்துவிட்டுப் புதியவை கட்டினேன்.

தீனியைப் பற்றி ஒரு செய்தி. புதுவயல் அரிசி ஆலைகள் பக்கத்திலேயே இருப்பதால் குருணையும் தவிடும் உமியும் எங்களுக்கு எளிதில் கிடைக்கின்றன. தவிட்டை மட்டும் ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவே வாங்குங்கள். வைத்திருந்தால் காறல் வாடை வந்து கோழிகள் ஒதுக்கிவிடும். ஆலையின் உமிச்சாம்பல், பேனுக்காக மண்குளியல் போடும் குழிக்கு நல்லது. ஆனால் வெறும் சாம்பலில் புரண்ட அன்று செவலையின் கால் வறண்டு வெடித்ததால், இப்போது இரண்டு பங்கு செம்மண் கலந்தே போடுகிறேன். பூட்டிய வீடுகளின் ஓட்டுக்கூரையில் குடியிருக்கும் மரநாய்களுக்கு எதிராகக் கூண்டின் கீழ்ப்பகுதியைச் செம்புராங்கல்லில் கட்டும் எண்ணமும் இருக்கிறது. குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் ஒருமுறை போய், நாட்டுக்கோழிக் கூண்டு அமைப்பைப் பற்றிக் கேட்டு வர வேண்டும்.

இன்னும் முடியாத வேலை, இவனைக் கூட்டத்தோடு சேர்ப்பது. எங்களிடம் ஏற்கெனவே ஒரு வயதுக் கருப்புச் சேவல் இருக்கிறது. ஒன்பது பெட்டைகளுக்கு இரண்டு சேவல்கள் அதிகம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் செவலையை வேறெங்கும் அனுப்பும் எண்ணம் இல்லை. பின்கட்டை நடுவில் கம்பிவலையால் பிரித்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. முதல் மூன்று நாட்கள் வலைக்கு இருபுறமும் பிடரி சிலிர்த்து நின்றார்கள்; இப்போது அவரவர் பக்கத்தில் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். கழுத்தில் இறகில்லாத கிராப்புக்கழுத்துப் பெட்டை ஒன்று மட்டும் தினமும் வலையோரம் வந்து, இவன் பக்கமாகவே படுத்துக்கொள்கிறது. அதை முதலில் இந்தப் பக்கம் விடலாமா என்று யோசிக்கிறேன்.

இடது காலின் நடுவிரல் இன்னும் முழுதாக மடங்காததால் உயரமான கம்பைப் பிடித்து உட்கார அவனால் முடியவில்லை. ஓர் அடி உயரத்தில் பட்டையான பலகை ஒன்று வைத்திருக்கிறேன். எடை 2.1 கிலோ. இன்று காலை மறுபடியும் நூலை வைத்து அளந்தேன்: வலது கணைக்கால் 4.8 சென்டிமீட்டர், இடது 5.2.