பொதுக்குழுவுக்கு முன்

ஜூன் 2
எங்கள் அமைப்பின் பொதுக்குழுத் தேதி மறுபடியும் தள்ளிப்போய்விட்டது. காரணம் சொல்லவில்லை.

ஜூன் 3
அமைப்பின் வரவு செலவுக் கணக்கு கேட்டுக் கடிதம் கொடுத்ததிலிருந்து குழுவில் நான் என்ன போட்டாலும் பதில் இல்லை. நேரில் பார்த்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள். "கேட்டதில் தப்பில்லை தோழர், நேரம்தான் சரியில்லை" என்கிறார் செயலாளர். போராட்டம் நடக்கும்போது கேட்டால் மெல்லுகிற வாய்க்கு அவல் கொடுக்கிறேனாம். முடிந்த பிறகு கேட்டால் எல்லோரும் களைத்துப்போயிருக்கிறார்களாம். எந்த நேரம் சரி என்று கேட்டேன். தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 5
தூக்கமில்லை.

ஜூன் 6
பொறுமையாக இரு, அம்பேத்கரே 21 ஆண்டுகள் பொறுத்தார் என்கிறாள் ம. 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார், பௌத்தம் தழுவியது 1956 அக்டோபரில். கணக்கு சரிதான். ஆனால் நாசிக் காளாராம் கோயிலில் நுழைய 1930இல் போராட்டம் தொடங்கி, கதவு திறக்காது என்று ஆன பிறகுதான் அந்த அறிவிப்பே வந்தது. அதற்குப் பிறகு அவர் தேடியது எங்கே போவது, எப்படி எல்லோரையும் கூட்டிக்கொண்டு போவது என்பதை. அது பொறுமையா?

பெரியார் இன்னும் நேரடி. வகுப்புவாரி பிரதிநிதித்துவத் தீர்மானத்தை மாநாடு மாநாடாகக் கொண்டுபோனார். 1925 காஞ்சிபுரத்திலும் ஏற்கவில்லை என்றதும் காங்கிரஸை விட்டு வந்துவிட்டார். அலுவலகத்தில் இரண்டு பேர் படமும் மாட்டியிருக்கிறது. வெளியேறியவர்களின் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான், வெளியேறுபவன் துரோகி என்று பேசுகிறார்கள்.

ஜூன் 9
எங்கள் அமைப்பில் ஒரு பெண் கொடுத்த புகாரை விசாரிக்க மூவர் குழு. மூவரும் செயலாளருடைய ஆட்கள்.

ஜூன் 10
ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் எழுதியது மண்டையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதிக அக்கறை உள்ளவர்கள் முதலில் கிளம்பிவிட்டால், சத்தம் போட ஆளில்லாமல் அமைப்பு இன்னும் கெடும். இது இருக்கச் சொல்கிறது. ஆனால் போய்விடக்கூடியவர் என்று தெரிந்தால்தான் ஒருவர் பேச்சுக்குக் கனம் என்றும் சொல்கிறார். எங்கள் யாருக்கும் அந்தக் கனம் இல்லை. வேலையை விட்டு வந்தவர்கள், வீட்டோடு பகைத்துக்கொண்டு வந்தவர்கள். எங்கே போய்விடுவார்கள் என்று தலைமைக்குத் தெரியும். நான் போனால் யாருக்கு போன் பண்ணுவேன் என்று யோசித்துப் பார்த்தேன். வெளியில் ஒரு பெயர்கூட வரவில்லை.

ஜூன் 11
கணக்கு வந்தது. ஒரே பக்கம். இருப்பதிலேயே பெரிய தொகை 'இதர செலவுகள்'.

ஜூன் 14
புதிதாகச் சேர்ந்த பையன் சொன்னான்: "நீங்க இருக்கீங்கன்னுதான்ணா நம்பி வந்தேன்."

கணக்கைவிட, மூவர் குழுவைவிட, இதுதான் உறுத்துகிறது. உள்ளே நான் கேள்வி கேட்பது அவனுக்கு எப்படித் தெரியும்? 'உள்ளுக்குள் பேசித் தீர்ப்போம்' என்று சொல்லி எல்லாவற்றையும் உள்ளேயே வைத்திருக்கிறோமே. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நான் இந்த அமைப்பின் நற்சான்றிதழ், அவ்வளவுதான்.

ஜூன் 15
ம.வோடு சண்டை. கொள்கை என்ன பாவம் செய்தது என்கிறாள். கொள்கையை விடுகிறேன் என்று யார் சொன்னார்கள்?

ஜூன் 17
சரி, பொதுக்குழுவுக்கான தீர்மானங்களை எழுதிவிட்டேன். வெளி ஆள் தணிக்கை. புகார் விசாரணையில் அமைப்பில் இல்லாத ஒரு வழக்கறிஞர். பொறுப்புகளுக்குக் கால வரம்பு. செப்டம்பருக்குள் பொதுக்குழு கூடி இவற்றை எடுத்துக்கொள்ளாவிட்டால் கையெழுத்துப் போட்டவர்கள் மொத்தமாக விலகுவது, விலகும் காரணத்தை வெளிப்படையாகச் சொல்வது. கெடு இல்லாமல் திருத்தப் போனால் ஆயுசு முழுக்கத் திருத்திக்கொண்டே இருக்கலாம்.

ஜூன் 19
அந்தப் பெண் கையெழுத்துப் போடமாட்டாளாம். "என் விஷயத்தை அந்தக் காகிதத்துல கொண்டுவராதீங்க" என்றாள். இரண்டாவது தீர்மானத்தைத் திருப்பி எழுதவேண்டும்.

ஜூன் 21
விளக்கம் கேட்டு எனக்கு நோட்டீஸ். ஏழு நாளில் பதில் வேண்டுமாம். கணக்குக்கு ஆள் கிடைக்காத அலுவலகத்தில் இதைத் தட்டச்சு செய்ய உடனே ஆள் கிடைத்திருக்கிறது.