சனீஸ்வரனின் வாகனமும் எங்கள் பல்கனியும்

புரட்டாதி பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் வீட்டு வேலையைப் பாதியில் வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் குறைந்துவிடும். ஐப்பசியில் மழை பிடித்துவிடும். ஆண்டு முழுவதற்குமான மழையில் பெரும்பங்கை வடகீழ்ப் பருவக்காற்று மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் போகும். அதற்குள் வெளிச்சுவருக்குப் பெயின்ற் அடிக்காவிட்டால் தைப்பொங்கல் வரை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அவசரப்பட்டு ஈரச் சுவரில் அடித்தால், சுவர் கொப்பளித்து உரிந்து, அடித்தவனையும் அடிக்கச் சொன்னவளையும் சேர்த்து அவமானப்படுத்தும். ஆகவே இந்த ஒரு மாதத்தில் மேசன்மார், ஓடாவிமார், பெயின்ற் அடிப்பவர்கள் எல்லோரும் வெளிநாட்டு மாப்பிள்ளைகளைப் போல விலை ஏறிப்போய் இருப்பார்கள். நாங்களோ மாத வருமானக்காரர்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நானும் இவருமாகத் தூரிகையைக் கையில் எடுத்ததற்கு அதுதான் காரணம்.

எங்களுக்கு இரண்டு பிளாற். கொக்குவிலில் நாங்கள் இருக்கும் வளவுக்குள்ளேயே அப்பா பின்பக்கமாகக் கட்டிய மாடிக் கட்டடம் அது. கீழே இருப்பது எனக்குச் சீதனமாக வந்தது. மேலே இருப்பது ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுடையது. பல்கலைக்கழகம் பக்கத்தில் என்பதால் வாடகைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. முன்பு இருந்த மாணவர்கள் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது ஒரு சுவர் நிறையச் சமன்பாடுகளையும், எதிர்ச்சுவர் நிறைய ரென்னிஸ் பந்து பட்ட அடையாளங்களையும் எங்களுக்கு விட்டுச்சென்றார்கள். சமன்பாடுகள் சரியானவைதானா என்று இவர் ஒரு துண்டுக் கடதாசியில் செய்து பார்த்தது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை கீழே ஒரு விரிவுரையாளரின் குடும்பமும், மேலே இரண்டு தாதியரும் குடிவருவதாக முற்பணம் தந்துவிட்டார்கள்.

ஒல்லாந்தர் 1707இல் எழுதிவைத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமை இன்றும் எங்கள் சொத்துகளை ஆண்டுகொண்டுதான் இருக்கிறது. என் சீதன வீட்டை நான் விற்பதானால் இவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதைப் பற்றி மட்டும் அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. எங்கள் சண்டைகள் எல்லாம் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. எனக்கு யானைத் தந்த வெள்ளை பிடிக்கும். இவருக்கு இளம்பச்சை. கண்ணுக்குக் குளிர்ச்சி என்று ஒரு காரணம் சொன்னார். மாவட்டச் செயலகமான கச்சேரியில் அவர் அலுவலக அறைக்கும் அதே நிறம்தான் என்பதைச் சொல்லவில்லை. இதற்கிடையில் அண்ணா, இப்போது கனடாவில் எல்லோரும் சாம்பல் நிறம்தான் அடிக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டார். அம்மா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"ஆட்கள் குடியிருக்கப் போகிற வீட்டுக்கா சாம்பல்?"

இரண்டு வீட்டுக்கும் தந்த வெள்ளை என்று முடிவானது. இவர் சண்டைக்கு வரவில்லை. பச்சைத் தகரம் ஒன்று ஏற்கெனவே வாங்கி மோட்டார் அறைக்குள் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மோட்டார் அறை இப்போது மிகவும் குளிர்ச்சியாக இருக்கிறது.

அண்ணாவுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நாங்கள் வேலை தொடங்க, அங்கே வெள்ளி இரவு பத்தரை. அவர் வேலையால் வந்து, சாப்பிட்டு, சாய்வுக் கதிரையில் சாய்ந்துகொண்டு மேற்பார்வைக்கு ஆயத்தமாகிவிட்டார். போனை யன்னலில் சாய்த்து வைத்தோம். மச்சான், ஏணியைச் சற்று இடப்பக்கம் நகர்த்துங்கள். தங்கச்சி, உருளையை அவ்வளவு அழுத்தாதே. மூலையில் ஒரு புள்ளி விட்டுப் போயிருக்கிறது. அந்தப் புள்ளியை இவர் இரண்டு தடவை பூசினார், போகவில்லை. கடைசியில் அது ரொறன்ரோவில் அண்ணாவின் போன் கண்ணாடியில் இருக்கும் புள்ளி என்று தெரிந்தது. இவர் ஒன்றும் பறையாமல் இறங்கிப்போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். நான் மகளை ரியூசனுக்கு ஏற்றிப்போய் விட்டுவிட்டுத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வர, யன்னலில் இருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. மேற்பார்வை நடந்துகொண்டுதான் இருந்தது.

மரக்கறி வாங்கியதற்குக் காரணம் புரட்டாதிச் சனி. அம்மாவுக்கு விரதம். எள்ளெண்ணெய் எரித்து, சமைத்து, காகத்துக்கு வைத்த பிறகுதான் வாயில் தண்ணீர்கூடப் படும். வழமையாகச் சோற்றை மதில்மேல் வைப்பார். அன்றைக்கு மதிலோரம் முழுவதும் மேசன் கொட்டிய மணலும் வெறும் சீமெந்துப் பைகளும் கிடந்தன. அம்மா சுற்றிப் பார்த்தார். மேல் வீட்டுப் பல்கனியின் கைப்பிடிச் சுவர் சுத்தமாக, வெளிச்சமாக, காகத்தின் கண்ணில் படும்படியாக இருந்தது. இலைத்துண்டில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் வைத்து, மேல்படியில் நின்றபடியே கையை நீட்டி அங்கே வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

அந்தப் பல்கனிதான் அன்றைய வேலைகளில் தலையானது. அதன் தரை வெடித்து, போன மாரியில் தண்ணீர் கசிந்து என் வீட்டுக் கூரைத்தட்டில் வட்டம் வட்டமாகக் கறை பிடித்திருந்தது. எத்தனையோ மன்றாட்டத்துக்குப் பிறகு வந்த மேசன் அண்ணை, விடியற்காலையிலேயே பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, நீர் கசியாத மருந்து கலந்த சாந்தைப் போட்டு, முழங்காலில் இருந்து பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து இழைத்திருந்தார். மேடு பள்ளம் இல்லாத தரை. எழும்பி நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு தன் வேலையைத் தானே கொஞ்ச நேரம் பார்த்தார். "பொழுதுபடும்வரை ஒருவரும் கால் வைக்கக் கூடாது அக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு வேலைக்குப் பறந்துவிட்டார்.

ஒருவரும் கால் வைக்கவில்லை. காகம் வந்தது.

முதலில் கைப்பிடிச் சுவரில் நின்றுதான் தின்றது. காகத்துக்குத் தனியாக உண்ணும் பழக்கம் கிடையாது என்பதால் இரண்டு முறை கரைந்தது. உறவினர்கள் வந்தார்கள். சுவரில் இடம் போதவில்லை. பந்தி கீழே இறங்கியது. நான் குசினி யன்னலால் பார்த்துக் கத்த, இவர் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு படியில் தாவினார். கீழே இருந்து அம்மாவின் குரல் எழுந்தது.

"கலைக்க வேண்டாம் தம்பி! சனீஸ்வரனுடைய வாகனம். விரத நாள்."

ஏழரைச் சனி இவருக்கு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் மாமியார் சொல்லுக்கு மாறாக விளக்குமாற்றை ஓங்கும் மருமகன் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. காகங்கள் ஆறுதலாகத் தின்றன. ஒன்று, தின்று முடித்த பிறகும் போகாமல், வீடு பார்க்க வந்த ஆளின் தோரணையில் பல்கனியின் இந்தத் தொங்கலில் இருந்து அந்தத் தொங்கல் வரை நடந்து, மூலையில் நின்று தலையைச் சரித்து யோசித்து, திரும்பவும் நடந்து வந்தது.

அவை பறந்த பிறகு குனிந்து பார்த்தேன். முன்னுக்கு மூன்று விரல், பின்னுக்கு ஒரு விரல், நகம் பதிந்த இடத்தில் ஊசித் துளை. நடந்த இடங்களில் அடிகள் ஒன்றுவிட்டு ஒன்றாக ஒழுங்காக இருந்தன. தத்திய இடங்களில் இரண்டு காலும் சேர்ந்து ஆழமாகப் பதிந்திருந்தன. நடுவில் ஒரு சோற்றுப் பருக்கை, அரைவாசி சீமெந்துக்குள், அரைவாசி வெளியே.

பொழுதுபட வந்த மேசன் அண்ணை நெடுநேரம் பேசவில்லை. சாந்து இறுகிவிட்டது, இனிக் கொத்தித்தான் எடுக்க வேண்டும், கொத்துவதானால் இன்னொரு சீமெந்துப் பை, இன்னொரு நாள் கூலி, அந்த நாளும் எப்போது என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அம்மா, கொத்தவே கூடாது, இப்படி ஒரு வீட்டில் தானாக வந்து கால் பதிப்பது எல்லோருக்கும் கிடைக்காது என்றார். தண்ணீர் கசியாது அல்லவா, அது போதும் என்றார் இவர். சொந்தக்காரரைக் கேட்காமல் எப்படி முடிவெடுப்பது? படம் எடுத்து அனுப்பினேன். அங்கே அப்போதுதான் சனி காலை விடிந்திருந்தது. உடனே பதில் வந்தது: "நல்ல வடிவாக இருக்கிறது. அச்சு வைத்து எடுத்ததா? படிக்கட்டுக்கும் இதையே போடச் சொல்லு."

மேசன் அண்ணை அந்த வாசகத்தை வாங்கித் தானே ஒருமுறை வாசித்துவிட்டு, போனை என்னிடம் தந்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குழாய்க் கதை தனி. குடாநாடு முழுவதும் சுண்ணக்கல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. மழைநீர் அந்தக் கல்லின் வெடிப்புகளால் இறங்கித்தான் எங்கள் கிணறுகளுக்கு வருகிறது. வரும்போது கல்லையும் கரைத்துக்கொண்டு வருகிறது. கேத்தலின் அடியில், குழாயின் வாயில், குளியலறைப் பூவாளியின் ஒவ்வொரு துளையிலும் வெள்ளையாகப் படிகிறது. மேல் வீட்டுப் பூவாளியைத் திறந்தால், இரண்டு துளைகளால் மட்டும், அதுவும் எதிரெதிர்த் திசைகளில், தண்ணீர் பீறிட்டது. நடுவில் நின்றவர் நனையமாட்டார்.

இவர் பூவாளிகளைக் கழற்றி, பெரிய கிண்ணத்தில் போட்டு, வினாகிரியை ஊற்றி ஊறவைத்தார். குமிழி குமிழியாகக் கிளம்பியது. ரியூசனால் வந்த மகளை அழைத்து, இதுதான் காபனீரொட்சைட்டு என்று பாடம் நடத்தினார். தூரிகை காயக் காய, பாடம் நீண்டது. அச்சாறு போடுவதற்காக அம்மா எடுத்து வைத்திருந்த வினாகிரி அது என்று பாடத்தின் நடுவில்தான் தெரியவந்தது. விஞ்ஞானம் அத்துடன் நின்றது. பூவாளிகள் பளபளத்தன. ஆனால் மாட்டித் திறந்தால் அதே சொட்டுத்தான்; அடைப்பு சுவருக்குள் இருந்தது. பிளம்பருக்குப் போன் எடுத்தேன். "நாளைக்குக் கட்டாயம் வருவேன் அக்கா" என்றார். ஆவணியில் இருந்து அவர் நாளைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்.

ஞாயிறு யன்னல் கம்பிகளுக்கு எனாமல். அன்றைக்கே இணுவிலில் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணர் இறந்து 31ஆம் நாள் சடங்கு, அந்தியேட்டி. சடங்குக்குக் கீரிமலைக்குப் போகாவிட்டாலும் மதியச் சாப்பாட்டுக்கு முகம் காட்டாமல் இருக்க முடியாது. எனாமல் தண்ணீருக்குப் போகாது என்பதால் முழங்கைவரை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, சவர்க்காரம் போட்டு, பவுடரும் போட்டுக்கொண்டு இவர் வந்தார். பந்தியில் இவருக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் மூக்கைச் சுருக்கி, பின்பக்கம் அடுப்பு ஏதும் புகைகிறதா என்று பரிமாறுகிற பிள்ளைகளிடம் விசாரித்தார்.

எதிர்ப்பந்தியில் ஓர் ஆள் தலையை நிமிர்த்தவே இல்லை. அவ்வளவு ஒருமனத்துடன் பூசணிக்காய்க் கறி தின்னும் ஒருவரை நான் இதற்கு முன் கண்டதில்லை. நன்றாகப் பார்த்தேன். பிளம்பர்! இறந்தவருடைய மருமகனின் தம்பிக்கு ஏதோ முறையாம். யாழ்ப்பாணத்தில் எவரைத் தேடுவதானாலும் போன் எடுப்பதைவிட அந்தியேட்டிகளுக்குப் போய்வருவது பயன் தரும்.

நான் கண்ணால் காட்ட, இவர் எழும்பப் பார்த்தார். பந்தியில் பாதியில் எழும்பக் கூடாது. அவருக்கும் அதே விதிதான். பாயாசம் வரும்வரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அம்மாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. பாயாச வாளி வைத்திருந்த பையனின் பின்னால் நடந்துபோய், பிளம்பரின் இலைக்கு முன் நின்று, "தம்பிக்கு இன்னும் கொஞ்சம் விடு. பாவம், அலைந்து வேலை செய்கிற பிள்ளை. சாப்பிட்டுவிட்டு எங்களுடன்தான் வருகிறார்" என்று பந்தி முழுவதற்கும் கேட்கச் சொன்னார். செத்தவீட்டு முற்றத்தில் நின்று பொய் சொல்ல எவருக்குத்தான் மனம் வரும்? மோட்டார் சைக்கிளில் எங்கள் ஓட்டோவுக்குப் பின்னாலேயே வந்தார். தாவடி திரும்பும் இடத்தில் வேகம் குறைந்தது. அம்மா தலையை வெளியே நீட்டினார். வேகம் கூடியது.

சுவரைக் கொத்தி, குழாயில் ஒரு சாண் துண்டை வெட்டி எடுத்தார். அரை அங்குலக் குழாய். உள்ளே துவாரம் இருந்த இடத்தில் பழுப்பும் வெள்ளையுமாகப் படிந்து, மகளின் பென்சில்கூட நுழையவில்லை. விஞ்ஞான பாடத்துக்குக் காட்டப்போவதாக அதை மகள் பள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். புதுக் குழாய் பூட்டித் திறக்க, பூவாளி எல்லாத் துளைகளாலும் கொட்டியது. கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த இவருக்கு அன்றைய இரண்டாவது குளிப்பு. மண்ணெண்ணெய் மணமும் ஒருவாறு போனது.

ஏழு மணிக்கு எல்லாம் கூட்டித் துடைத்து, திறப்புகளை ஆணியில் மாட்டிவிட்டு இருக்க, போன் அடித்தது. அண்ணாவுக்கு ஞாயிறு காலை ஒன்பதரை. நன்றாகத் தூங்கி எழும்பி, கையில் கோப்பியுடன் தெளிவாக இருந்தார். வீட்டைச் சுற்றிக் காட்டினோம். சுவர்களைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், காகத்தின் கால்களைத் திரும்பவும் ஒருமுறை பார்த்துச் சந்தோசப்பட்டார். பிறகு, "மச்சான், நான் இரவு யோசித்தேன்" என்று தொடங்கினார். "குசினிக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சுவரை இடித்துவிட்டால் எவ்வளவு வெளிச்சமாக இருக்கும்?"

"கேட்கவில்லை மச்சான். சிக்னல் விட்டுவிட்டு வருகிறது" என்றார் இவர், ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார்.

அம்மாவுக்கு மட்டும் தெளிவாகக் கேட்டிருந்தது. சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தைக் கழற்றி, மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"மார்கழி சரிவராது. தை பிறக்கட்டும் தம்பி, நல்ல நாளாகப் பார்த்து இடிக்கலாம்."