சேன் மாலோ: கடல் சொல்கிற நேரப்படி

நான் மொரீஷியஸ் தீவின் மாஹேபூர்க்காரன். எங்கள் பக்கம் கடல் ஏறி வற்றுவது அரை மீட்டர் அளவுதான். பவளத்திட்டுக்கு உள்ளே இருக்கும் தண்ணீர் காலையில் பார்த்தாலும் மாலையில் பார்த்தாலும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். பிரான்சின் பிரித்தனிக் கரையில் இருக்கும் சேன் மாலோவிலோ, பெரிய ஏற்ற நாட்களில் இந்த வித்தியாசம் 12 மீட்டரைத் தாண்டுகிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஏற்றம் ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழைந்து, குறுக்கே நீண்டு நிற்கும் கொதாந்தான் தீபகற்பத்தில் தடுக்கப்பட்டு இந்த வளைகுடாவில் குவிவதுதான் காரணம்.

மகள் ரென் நகரில் படிக்கிறாள். அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒரு வார இறுதியில் மனைவியும் நானும் அவளோடு போனோம். மதிலுக்குள் ஒரு சின்ன விடுதி. வரவேற்பு மேசையில் ஏற்ற, வற்ற நேரங்கள் அச்சிட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நாங்கள் வேறெந்தத் திட்டமும் போடவில்லை. வற்றும்போது மணலில் நடப்பது, ஏறும்போது மதில்மேல் நடப்பது. ஊரைச் சுற்றிய மதில் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தால் ஒரு மாலைப்பொழுதுக்குச் சரியாக இருக்கும்.

போன்-சக்கூர் கடற்கரையில் 1930களில் கட்டிய கடல்நீர்க் குளம் ஒன்று இருக்கிறது. கடல் பின்வாங்கினாலும் சுவர்களுக்குள் தண்ணீர் தங்கிவிடும். பிள்ளைகள் அதில் நீந்துகிறார்கள். மெல்ல மெல்லக் கடல் திரும்பி வந்து சுவர்களை மூடும். கடைசியில் குதிக்கும் மேடை மட்டும் நடுக்கடலில் தனியாக நிற்கும். மதிலில் சாய்ந்தபடி அதை முழுக்கப் பார்த்தோம். யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை.

எதிரே கிரான்பே தீவு. வற்றத்தில் மட்டும் கால்நடையாகப் போகலாம். எழுத்தாளர் ஷத்தோப்ரியானின் கல்லறை அங்கே கடலைப் பார்த்து இருக்கிறது. கல்லில் பெயர்கூட இல்லை, ஒரு சிலுவைதான். அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது. “அப்பா, தண்ணி ஏறுதுப்பா, வாங்க” என்று மகள் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன். நேரத்தை விட்டுவிட்டால் அடுத்த வற்றம்வரை பல மணி நேரம் தீவிலேயே இருக்க வேண்டியதுதான்.

இன்னொரு காரணத்துக்காகவும் எனக்கு இந்த ஊரைப் பார்க்க ஆசை. மாஹே த லா பூர்தொனே 1699இல் பிறந்தது இங்கேதான். என் ஊருக்கு அவர் பெயர்தான். 1735இல் எங்கள் தீவுக்கு ஆளுநராக வந்து, இன்றைய தலைநகர் போர்ட் லூயியை எழுப்பினார். 1746இல் சென்னையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவரும் அவரே. போர்ட் லூயியைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். 1834இல் ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்குவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே தமிழர்கள் தீவில் இருந்தது அப்படித்தான். அதே வேலைகளில் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் பிடித்து வந்த அடிமைகளின் முதுகும் ஒடிந்தது. இந்த மதில்மேல் நின்று அவரை நினைக்கும்போது அவர்களையும் அந்தக் கொத்தனார்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்று பட்டது. மனைவியிடம் சொன்னேன், அவளும் கொஞ்ச நேரம் கப்பல்துறையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்று தெருக்களில் பார்க்கும் பழைய கருங்கல் வீடுகளில் பெரும்பாலானவை உண்மையில் பழையவை அல்ல. 1944 ஆகஸ்ட் போரில் மதிலுக்குள் இருந்த ஊர் பெரும்பகுதி எரிந்து இடிந்தது. மதில் தப்பியது. பழைய தோற்றம் மாறாமல் மறுபடி கட்டியிருக்கிறார்கள். அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. பக்வீட் என்ற தானியத்தின் மாவில் வார்க்கும் கலெத், நம்முடைய மெல்லிய தோசை மாதிரியே கல்லில் முறுகி வருகிறது. நான் முட்டையும் பாலாடைக்கட்டியும் வைத்து வாங்கினேன். மனைவி காளான் வைத்தது. உப்பு வெண்ணெய் இங்கே எதிலும் உண்டு.

நீங்கள் போவதாக இருந்தால், நாள் குறிக்கும் முன் ஏற்றத்தின் குணகத்தைப் பாருங்கள். ஏற்றம் எவ்வளவு பெரியது என்று காட்டும் எண் அது, 20 முதல் 120 வரை இருக்கும். நூறைத் தாண்டும் நாட்கள் பெரும்பாலும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி வரும். அப்போது சியோன் கடற்கரையின் கருவாலி மரக்கட்டைகளில் அலை மோதி சாலைவரை தெறிக்குமாம். மகள் படிப்பை முடிப்பதற்குள் ஒரு மார்ச்சில் மறுபடி போகப் போகிறோம்.